அட்லாண்டிக் கரையில் அஷ்டமிதான் சுபதினம், தெரியுமா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒவ்வோர் அக்டோபரிலும் படகுகள் சாரி சாரியாக ஒரே திசையில் கிளம்புகின்றன. போட்டி கிடையாது, பரிசு கிடையாது, கொடியசைத்துத் தொடங்கிவைக்க மந்திரியும் கிடையாது! கனடாவிலிருந்து, நியூயார்க்கிலிருந்து, மெய்ன் மாநிலத்திலிருந்து வயதான தம்பதிகள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், கைக்குழந்தையோடு இளம் குடும்பங்கள் என்று எல்லோரும் சொந்தப் பாய்மரப் படகிலும் மோட்டார் படகிலும் ஏறி ஃப்ளோரிடாவையும் பஹாமாஸ் தீவுகளையும் நோக்கிப் புறப்படுகிறார்கள். குளிர்காலம் முழுக்க வெயிலில் இருந்துவிட்டு, வசந்தத்தில் அதே வழியில் ஊர் திரும்புவார்கள். அங்கே இவர்களுக்குப் பட்டப்பெயரே ‘பனிப்பறவைகள்’தான்.

படகு சொந்தம், நேரம் சொந்தம், ஓய்வூதியமும் வருகிறது. பிறகென்ன, நினைத்த நாளில் கிளம்ப வேண்டியதுதானே? அங்கேதான் வேடிக்கை! இந்தப் பயணத்தின் தேதியைக் குறிப்பது படகுக்காரர் இல்லை. காப்பீட்டு கம்பெனி குறிக்கிறது, கால்வாய்க்காரர் குறிக்கிறார், நிலா குறிக்கிறது, பாலத்தைத் திறக்கிறவர் குறிக்கிறார். போதாக்குறைக்கு மரைன் படை வீரர்களின் துப்பாக்கிப் பயிற்சியும் குறிக்கிறது!

முதலில் பாதையைப் பாருங்கள். வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் துறைமுகத்தில் ‘0 மைல்’ என்று தொடங்கும் ஓர் உள்கரை நீர்வழி, ஏறத்தாழ 1,090 மைல் ஓடி மயாமியைத் தொடுகிறது. இன்னும் நீட்டிக் கீ வெஸ்ட் வரை போனால் 1,243 மைல், அதாவது 2,000 கிலோமீட்டர்! திறந்த கடலுக்கே போகாமல், கடலுக்கும் நிலத்துக்கும் இடையே இருக்கிற உப்பங்கழி, ஆறு, வெட்டுக் கால்வாய், காயல் எல்லாவற்றையும் கோத்துச் செய்த வழி இது. கடைசித் துண்டு தெற்குக் கரோலினாவில் 1936-ல் வெட்டி முடிக்கப்பட்டது. 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வெளியே கடலில் எண்ணெய்க் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தபோது, எண்ணெய் ஏற்றிய தெப்பப் படகுகள் இந்த உள்வழியில்தான் பத்திரமாகப் போயின. இதைப் பராமரிப்பது ராணுவத்தின் பொறியாளர் படை.

நமக்கும் கரையை ஒட்டி இப்படி ஒன்று இருந்தது: பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவின் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அது என்ன ஆயிற்று என்று சென்னைவாசிகளிடம் கேட்டு மனதைப் புண்படுத்த வேண்டாம். அட்லாண்டிக்குக்குத் திரும்புவோம்.

முதல் ஆச்சரியம், காப்பீடு. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30-ல் முடிகிறது. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. பல படகுக் காப்பீட்டுப் பாலிசிகளில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். நவம்பர் 1-க்கு முன்னால் அந்தக் கோட்டுக்குத் தெற்கே படகு போனால், புயல் சேதத்துக்குக் காசு பெயராது! சில கம்பெனிகளுக்குக் கோடு வடக்குக் கரோலினாவின் ஹட்டெரஸ் முனை. சில கம்பெனிகளுக்கு ஜார்ஜியா – ஃப்ளோரிடா எல்லை. வானம் நீலமாக இருக்கலாம், கடல் எண்ணெய் விட்டாற்போல் கிடக்கலாம். தேதி வரவில்லை என்றால் வரவில்லைதான். ஆகவே அக்டோபர் கடைசி வாரத்தில் கோட்டுக்கு வடக்கே இருக்கிற துறைகளெல்லாம் நிரம்பி வழியும். மேரிலாந்தின் அன்னாபொலிஸ் நகரத்தில் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் பாய்மரப் படகுக் கண்காட்சி 1970-ல் தொடங்கியது. தெற்கே போகிற கூட்டம் அங்கே தங்கி, கயிறும் பாயும் சாமான்களும் வாங்கிக்கொண்டு தேதிக்காகக் காத்திருக்கும். கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா!

சரி, தெற்கே அவசரப்பட முடியாது, வடக்கிலேயே நிதானமாக இருப்போமே என்றால், அதுவும் நடக்காது. கனடாவிலிருந்தும் பேரேரிகளிலிருந்தும் வருகிறவர்கள் ‘ஈரி’ கால்வாய் வழியாக ஹட்சன் ஆற்றுக்கு வர வேண்டும். 1825-ல் திறந்த அந்தப் புகழ்பெற்ற கால்வாய், ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை. அக்டோபர் நடுவில் மூடினால் மறுபடி மே நடுவில்தான் திறக்கும். அதற்குள் வெளியே வராத படகுக்குக் குளிர்காலம் அங்கேயேதான். அந்தக் கால்வாயில் தாழ்வான பாலங்கள் வேறு. பாய்மரப் படகுகள் நுழையுமுன் கொடிமரத்தையே கழற்றி, மரச்சட்டங்களின்மேல் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு வரும். ஹட்சனுக்கு வந்த பிறகு கிரேன் வைத்து மறுபடி நிமிர்த்துவார்கள். கால்வாயின் கிழக்குக் கோடியில் வாட்டர்ஃபோர்டு என்ற ஊரில் 2 மைலுக்குள் அடுத்தடுத்து 5 நீர்ப்பூட்டுகள் (படகை ஏற்றி இறக்கும் மதகு அறைகள்) இருக்கின்றன. 169 அடி உயரம் படகு படிப்படியாக இறங்குகிறது!

ஹட்சனில் இன்னோர் அதிசயம். கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கிறீர்கள்? நியூயார்க்கிலிருந்து உள்ளே டிராய் நகரம் வரை, சுமார் 240 கிலோமீட்டர்! வசந்தத்தில் வடக்கே திரும்புகிறவர்கள் நியூயார்க்கிலிருந்து ஏற்றம் தொடங்கும் நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். ஏற்றம் ஆற்றின் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், படகும் கூடவே நகரும். ஆறு மணி நேரத்தில் தீர்ந்துபோக வேண்டிய ஏற்றம் அதைத் தாண்டியும் படகைத் தள்ளிக்கொண்டு போகும். டீசல் மிச்சம். அதே நீரை எதிர்த்து வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு துக்கக் கதையையும் சொல்ல வேண்டும். தேதிக்குக் கட்டுப்பட்டுக் கிளம்பிய ஒரு கப்பலின் கதை. மார்லன் பிராண்டோ நடித்து 1962-ல் வந்த ‘மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி’ படத்துக்காகவே கட்டிய மரக் கப்பல் ‘பவுன்ட்டி’. படம் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் துறைமுகம் துறைமுகமாகப் போய்வந்தது. 2012 அக்டோபர் 25 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டனிலிருந்து 16 பேரோடு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பியது. அங்கே நவம்பரில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். தெற்கே ‘சான்டி’ புயல் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும், கப்பல் தலைவருக்கும் தெரியும். புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் கணக்கு. அக்டோபர் 29 அதிகாலையில் ஹட்டெரஸ் முனைக்கு அப்பால் கப்பல் சாய்ந்தது. கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர்கள் அந்தப் புயலுக்குள் போய் 14 பேரைத் தூக்கி வந்தன. ஓர் இளம்பெண் மாலுமியின் உடல் கிடைத்தது. கப்பல் தலைவர் கிடைக்கவே இல்லை. கிளம்பியதே பொறுப்பற்ற முடிவு என்று அரசின் விசாரணை அறிக்கை எழுதிவைத்தது. காப்பீட்டு கம்பெனிகளின் கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதைப் படித்த பிறகு கொஞ்சம் அடங்குவார்கள்.

இந்தப் படகுக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பார்க்க வருகிறேன் என்று உறவினர் ஃபோன் செய்தால், “ஊரைச் சொல், இல்லை தேதியைச் சொல். ரெண்டையும் கேட்காதே” என்பார்கள். முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் விமான டிக்கெட் எடுத்துவிட்டு வருகிற விருந்தாளிக்காக ஒரு மோசமான நாளில் நங்கூரத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான் அதற்குக் காரணம்.

நார்ஃபோக்கைத் தாண்டியதும் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று அகலமானது, சரக்குத் தெப்பங்கள் போவது. மற்றொன்று… ஆகா! அதன் பெயர் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1793-ல் வெட்டத் தொடங்கி 1805-ல் திறந்தது. அமெரிக்காவில் இன்றுவரை தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய வெட்டுக் கால்வாய் இதுதான். தண்ணீரின் நிறம் கடுந்தேயிலைச் சாயம்! சதுப்பில் நிற்கும் சைப்ரஸ், சீடர் மரங்களின் பட்டையிலிருந்து ஊறும் துவர்ப்புச் சத்துதான் காரணம். பழைய காலக் கப்பல்காரர்கள் சீக்கிரம் கெடாது என்று இந்தத் தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பிக்கொண்டு போவார்கள் என்பார்கள். அழகுக்குக் கீழே ஒரு கொடுமையும் இருக்கிறது. இடுப்பளவு சேற்றில் நின்று இதை வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். இதே சதுப்புக்குள் தப்பியோடி ஒளிந்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் அவர்களே. இந்தக் கால்வாயில் படகோட்டிய மோசஸ் கிராண்டி என்ற அடிமை, தன் விடுதலைக்கான பணத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் எஜமானர்கள் ஏமாற்றியதைத் தன் வரலாறாகச் சொல்லி 1843-ல் புத்தகமாக்கினார்.

இந்தக் கால்வாயின் இரு முனையிலும் நீர்ப்பூட்டுகள். ஒரு நாளைக்கு நாலே நாலு முறைதான் திறப்பது வழக்கம்: காலை 8.30, 11 மணி, பிற்பகல் 1.30, 3.30. மூன்றரைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், அன்று இரவு கதவுக்கு வெளியேதான் படுக்கை! தண்ணீர் வருவது பக்கத்திலிருக்கும் டிரம்மண்ட் ஏரியிலிருந்து. மழை பொய்த்தால் திறப்பைக் குறைத்துவிடுவார்கள். மழை மிஞ்சினாலும் ஆபத்துதான். 2016 அக்டோபரில் ‘மேத்யூ’ புயலின் வெள்ளம் வந்து, கால்வாய் ஓராண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தது.

அந்தத் தேயிலை நீரிலிருந்து வெளியே வந்தால் எலிசபெத் சிட்டி. 1983-ல் அங்கே ஃபிரெட் ஃபியரிங், ஜோ கிரேமர் என்ற இரு முதியவர்கள் ஒரு காரியம் தொடங்கினார்கள். ஊர்த்துறையில் வந்து கட்டும் ஒவ்வொரு படகிலும் இருக்கிற பெண்ணுக்கு ஒரு ரோஜாப்பூ! போதுமான படகுகள் சேர்ந்துவிட்டால் சாயங்காலம் ஒயினும் சீஸும் வைத்து ஒரு விருந்து. துறையில் கட்ட வாடகையும் கிடையாது. முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கு இப்படி ஒரு உபசாரம்! ஒரு பூவுக்காகப் பயண வழியையே மாற்றிக்கொண்ட படகுகள் எத்தனையோ. ஊரும் சும்மா விடவில்லை, ‘விருந்தோம்பல் துறைமுகம்’ என்று தனக்குப் பெயரே வைத்துக்கொண்டது.

இனி, பாலங்கள். பயணத்தின் வேகத்தை நிஜமாகவே கட்டுப்படுத்துவது இவைதான், கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாய்மரப் படகின் வேகம் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர். சைக்கிளில் போகிறவர் தாண்டிவிடுவார். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அதன் பிறகு வடக்குக் கரோலினாவில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். இருட்டில் இந்த வழியில் போவது புத்திசாலித்தனமில்லை. விளக்கில்லாத மிதவைகள், நண்டுக்கூட்டுக் கயிறுகள், மணல் திட்டுகள்! ஆக ஒரு நாளைக்கு 50 மைல் போனால் பெரிய விஷயம். மயாமி வரை ஒரு நாளும் நிற்காமல் போனாலே 22 நாள். காற்று, மழை, பழுது, ஓய்வு எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம்.

இந்த வேகத்தில் வருகிறவருக்கு 278-ஆவது மைலில் ஃபிகர் எய்ட் தீவுப் பாலம். பணக்காரர்களின் தனித்தீவு அது. பாலம் அரை மணிக்கு ஒரு முறை திறக்கும். அடுத்தது 283-ஆவது மைலில் ரைட்ஸ்வில் பீச் பாலம். அது மணிக்கு ஒரு முறைதான்! இடையே சரியாக 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். நீங்கள் முதல் பாலத்தை 10 மணிக்குத் தாண்டினால், முக்கால் மணி நேரத்தில் அடுத்ததற்கு வந்து, கால் மணி காத்திருந்து 11 மணிக்குக் கடந்துவிடலாம். சீக்கிரம் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு 10.30-க்குத் தாண்டினீர்களோ, 11.14-க்கு வந்து நிற்பீர்கள். பாலம் அப்போதுதான் மூடியிருக்கும். பன்னிரண்டு மணி வரை அந்தக் குறுகலான இடத்தில், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று ஒரு பக்கம் தள்ள, இன்னும் ஐந்தாறு படகுகளோடு மோதாமல் வட்டமடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோவில் 13-ஆம் சேனலில், “தெற்கே போகிற பாய்மரப் படகு, பதினொரு மணித் திறப்புக்கு வந்துகொண்டே இருக்கிறோம், ரெண்டே நிமிஷம்” என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், பாலத்துக்காரர் காத்திருக்க மாட்டார். மேலே காரில் நிற்கிறவர்களின் ஹாரன் சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறதே!

இதற்குக் கொஞ்சம் வடக்கே, 240-ஆவது மைல் அருகே, மரைன் படை வீரர்களின் லெஜூன் முகாம். நீர்வழி அந்த முகாமுக்குள்ளேயே போகிறது. பீரங்கிப் பயிற்சி நடந்தால் குண்டுகள் நீர்வழியின் தலைக்குமேல் பறக்கும்! எச்சரிக்கைப் பலகையில் விளக்கு மின்னினால் படகுகள் அப்படியே நிற்க வேண்டும். உல்லாசப் பயணம் போகிற தாத்தா பாட்டி, சுடுவது முடியட்டும் என்று காபி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கும் காட்சியை வேறெங்கே பார்ப்பீர்கள்?

திறக்காத பாலங்களும் உண்டு. அவற்றின் உயரம் 65 அடி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி! உயரக் கொடிமரம் உள்ளவர்கள் அந்த இடத்தில் வெளிக்கடலுக்குப் போய்த்தான் சுற்றி வர வேண்டும். 65 அடிப் பாலத்திலேயே சில அங்குலம் இடிக்கும் படகுகள் என்ன செய்கின்றன தெரியுமா? பாய் கட்டும் நீள்சட்டத்தைப் பக்கவாட்டில் நீட்டி, நுனியில் தண்ணீர் மூட்டையைத் தொங்கவிட்டு, படகையே ஒருக்களித்துச் சாய்த்து அடியில் நுழைந்துவிடுகின்றன! பார்க்கிறவருக்கு நெஞ்சு படபடக்கும். இங்கேயும் நேரம்தான் மந்திரம். வற்றத்தில் வந்தால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி கூடும்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கும்? வடக்குக் கரோலினாவின் ஆல்பிமார்ல் காயலில் நிலாவுக்கு வேலையே இல்லை. காற்று தள்ளினால் ஏறும், விட்டால் இறங்கும். ஜார்ஜியாவுக்கு வந்தால் ஏழு முதல் ஒன்பது அடி! அங்கே கரை உள்வாங்கி வளைந்திருப்பதால் ஏற்றம் குவிந்து எழும்புகிறது. நீர்வழியில் ‘நரக வாசல்’ என்று ஒரு குறுகல் இருக்கிறது. மணல் சேர்ந்த ஆண்டுகளில் வற்றத்தில் போனால் தரைதட்டுவது நிச்சயம். (நியூயார்க்கிலும் இதே பெயரில் இன்னொரு குறுகல் உண்டு. ஒரே பயணத்தில் இரண்டு நரக வாசல்!) பாதி ஏற்றத்தில், தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது கடப்பதுதான் கெட்டிக்காரத்தனம். தரைதட்டினாலும் சற்று நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் மணிக்கணக்கில் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். பௌர்ணமி ஏற்றத்தின் உச்சியில் தட்டினால்? அடுத்த நாள் ஏற்றம் அவ்வளவு உயரம் வராது, அதற்கடுத்த நாள் இன்னும் குறையும். அமாவாசை வரை இரண்டு வாரம் அங்கேயே!

இப்போது கேளுங்கள், இந்தப் பயணத்தின் உச்சபட்ச வேடிக்கையை. ஜார்ஜியாவின் சவன்னா பக்கம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் காலை எட்டு மணி வாக்கில் உச்சிக்கு வந்து, பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு அடியோடு வற்றும். வற்றமும் அந்த நாள்களில்தான் மிக ஆழம். படகுகள் ஓடுகிற நேரம் பார்த்துத் தண்ணீர் காணாமல் போகிறது! பாதிநிலா நாள்களில் எல்லாம் தலைகீழ்: காலையில் வற்றம் முடிந்து, ஏற்றத்தோடு கிளம்பலாம்; மதியம்வரை தண்ணீர் கூடிக்கொண்டே போகும்; வற்றமும் அவ்வளவு மோசமில்லை. ஜார்ஜியாவைக் கடக்க மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் பாதிநிலாவை ஒட்டி அமையும்படி, இருநூறு மைல் முன்னாலிருந்தே வேகத்தைக் கூட்டிக் குறைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிநிலா என்றால் நம் கணக்கில் என்ன? அஷ்டமி! நம் ஊரில் அஷ்டமி, நவமி என்றால் பெட்டியைக்கூடக் கட்ட மாட்டோம். ஜார்ஜியாவின் கழிகளுக்கு அதுதான் சுபதினம். ஏற்றம் நாளுக்கு சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு, படகில் மாட்டியிருக்கும் காலண்டரில் இவர்கள் போடும் கணக்கு நம் ஜோசியர்களுக்குச் சளைத்ததில்லை.

ஜார்ஜியாவின் தென்கோடியில் செயின்ட் மேரிஸ் ஆறு. ஆற்றுக்கு அக்கரை ஃப்ளோரிடா, அதாவது சில பாலிசிகளின் கோடே இதுதான்! இங்கே நவம்பர் நான்காம் வியாழனன்று நன்றியறிதல் நாளில் படகுக்காரர்களுக்கு ஒரு பெருவிருந்து நடப்பது வழக்கமாகிவிட்டது. வான்கோழியும் பன்றித்தொடையும் ஊர்க்காரர்கள் சமைத்துத் தருவார்கள். கூட்டு, கேக்கு, மற்ற பதார்த்தங்களைப் படகுக்காரர்கள் ஆளுக்கொன்று கொண்டு வர வேண்டும். காப்பீட்டுக் கோட்டில் ஆரம்பித்த காத்திருப்பு பந்தியில் முடிகிறது.

அந்தப் பருவத்தில் தெற்கே போவது மனிதர்கள் மட்டுமா? உலகில் 400-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் கன்று ஈனுவதற்குக் கனடா, நியூ இங்கிலாந்து கடல்களிலிருந்து இதே ஜார்ஜியா – ஃப்ளோரிடா கரைக்குத்தான் வருகின்றன. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள எந்தப் படகும் அந்தப் பகுதிக் கடலில் மணிக்கு 10 கடல்மைலுக்கு மேல் வேகமெடுக்கக் கூடாது என்று சட்டம். ஃப்ளோரிடா கால்வாய்களுக்குள்ளே வந்தால் கடற்பசுக்கள்! அவற்றுக்காகவும் பல இடங்களில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை மெதுவாகப் போக வேண்டும்.

மயாமியிலிருந்து பஹாமாஸின் பிமினித் தீவு சுமார் 80 கிலோமீட்டர். ஒரு பகலில் போய்விடலாம். ஆனால் நடுவில் வளைகுடா நீரோட்டம் என்ற கடலுக்குள் ஓடும் ராட்சத ஆறு, மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் வடக்கே பாய்கிறது. வாடைக்காற்று அடித்தால் காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக முட்டி, அலைகள் செங்குத்துச் சுவராக எழும்பும். காற்றில் வடக்கின் வாசம் கொஞ்சம் இருந்தாலும் கிளம்பாதே என்பது அங்கே கண்டிப்பான பாடம். குளிர்காலத்தில் குளிர்முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காற்று தென்கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, வடகிழக்கு என்று கடிகாரமுள் போலச் சுற்றி வரும். அந்தச் சுற்றில் தெற்கில் நிற்கும் சொற்ப நேரம்தான் கதவு. அதற்காக இரண்டு வாரம் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. இந்த நீரோட்டத்துக்கு வரைபடம் போட்டவர் யார் தெரியுமா? பெஞ்சமின் ஃபிராங்க்ளின்! தபால் துறைத் தலைவராக இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்கள் சரக்குக் கப்பல்களைவிடத் தாமதமாவதேன் என்று விசாரித்தார். திமிங்கில வேட்டைக்காரரான அவருடைய உறவினர் டிமோதி ஃபோல்ஜர் நீரோட்டத்தை வரைந்து காட்டினார். தபால் கப்பல் தலைவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை என்பது வேறு கதை.

பஹாமாஸின் ஜார்ஜ் டவுனுக்கு ‘கோழித் துறைமுகம்’ என்று செல்லப்பெயர். கரீபியன் முழுக்கச் சுற்றுவேன் என்று கிளம்பியவர்கள் அதற்குமேல் எதிர்காற்றைப் பார்த்துப் பயந்து அங்கேயே நங்கூரம் போட்டுவிடுவார்களாம்! மாசி மாதத்தில் நூற்றுக்கணக்கான படகுகள், கரையில் யோகா வகுப்பு, வாலிபால், சந்தை. பயந்தவர்கள் பாக்கியசாலிகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சினும் வானிலை அறிக்கையும் வருமுன்னே இந்தப் பருவப் பயணம் இருந்தது. நத்தேனியல் பிஷப் என்பவர் 1874 கோடையில் கியூபெக்கில் கிளம்பினார். டிராய் நகரத்தில் மரப்படகை விட்டுவிட்டுக் காகிதத்தால் செய்த படகுக்கு மாறினார். ஆமாம், காகிதம்! 14 அடி நீளம், எடை 26 கிலோ. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலுமாகக் கரையோரமாகவே துடுப்புப் போட்டு 1875-ல் மெக்சிகோ வளைகுடாவைத் தொட்டார். 1912 அக்டோபரில் ஹென்றி பிளம்மர், மாசசூசெட்ஸிலிருந்து மகனோடும் ஒரு பூனையோடும் சிறு பாய்ப்படகில் மயாமிக்குப் போய், மறு கோடையில் திரும்பினார். அவர் எழுதிய பயணப் புத்தகத்தின் தலைப்பில் பூனைக்கும் இடம் கிடைத்தது.

இன்னும் பேராசைக்காரர்கள் இருக்கிறார்கள். கிழக்குக் கரையில் வசந்தம், பேரேரிகளில் கோடை, இலினாய், மிசிசிப்பி ஆறுகளில் இலையுதிர் காலம், ஃப்ளோரிடாவில் குளிர்காலம் என்று நாட்டின் கிழக்குப் பாதியையே சுற்றி வருவதற்குப் ‘பெரும் வட்டம்’ என்று பெயர். சுமார் 6,000 மைல்! மேயில் கால்வாய் திறக்குமுன் வடக்கே போக முடியாது. பனி விழுமுன் சிகாகோவை விட்டாக வேண்டும். புயல் பருவம் ஓயுமுன் வளைகுடாவுக்குள் இறங்கக் கூடாது. இலினாயில் ஒரு தாழ்பாலம், 19 அடிச் சொச்சம். தப்பிக்க வழியே இல்லை. முதல் சுற்று போகிறவர் வெள்ளைக் கொடி கட்டலாம், முடித்தவர் பொன்னிறக் கொடி.

வசந்தத்தில் திரும்புவது சுலபம் என்பார்கள். பகல் நீளம், அவசரம் குறைவு, எங்கே பார்த்தாலும் பூ. ஜூன் 1 வந்தால் காப்பீட்டுக் கோடு மறுபடி முளைக்கும், அதற்குள் வடக்கே ஏறிவிட்டால் போதும்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ வர்ஜீனியா பக்கம் இருந்து, நவம்பர் முதல் வாரத்தில் நீங்கள் அங்கே போயிருந்தால், செசபீக் நகரத்தில் கிரேட் பிரிட்ஜ் நீர்ப்பூட்டுக்கு ஒரு காலைப் பொழுது போய்வாருங்கள். பக்கத்திலேயே பூங்கா இருக்கிறது, உள்ளே போகக் கட்டணமில்லை. கையெட்டும் தூரத்தில் படகுகள் கயிறு போட்டு நிற்கும். கையசைத்தால் அவர்களும் அசைப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள். எப்போது போய்ச் சேர்வீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.